தளும்பாமல் இருக்கப் போட்ட செடி

கொசுப்புழு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், எந்தத் தெரு, எந்தத் தொட்டி, தொட்டியில் எந்த மூலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காலம் ஒன்று எனக்கு இருந்தது. எண்பத்தொன்பதில், திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம்தான் எனக்கு வேலை கிடைத்தது. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து கார்டு வந்ததென்று போய்ப் பார்த்தால் கொசு ஒழிப்பு வேலை, அதுவும் தற்காலிகம். "பொம்பளைக்கு எதுக்கும்மா இது, குளம் குட்டைனு அலையணுமே" என்று ஆபீஸிலேயே ஒருவர் அக்கறையாகச் சொன்னார். "குளத்துல தண்ணி எடுக்க உங்க வீட்ல யாரு போறாங்க, நீங்களா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அக்கறை காட்டுவதைக் குறைத்துக்கொண்டார்.

வேலை இதுதான். நீளக் காம்பு வைத்த வெள்ளை எனாமல் கிண்ணம் ஒன்று கொடுப்பார்கள். டிப்பர் என்று பேர். ஒரு குளத்துக்குப் போனால் கரையோரமாகப் பத்து இடத்தில் அதை முக்கி எடுக்க வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் புழு அடிக்குப் போய்விடும். அதனால் வெயிலைப் பார்த்தபடி நின்று, கிண்ணத்தை மெல்லச் சாய்த்து, எடுத்த பிறகு கொஞ்சம் பொறுக்க வேண்டும். தண்ணீர் அடங்கியதும் புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து தலைகீழாகத் தொங்கி மூச்சு வாங்கும். எண்ணிப் படிவத்தில் எழுதிவிட்டு, மருந்து விடுவதா வேண்டாமா என்று பார்க்க வேண்டும்.

வாரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இடம். செவ்வாய்க்கிழமை மலை சுற்றும் பாதை. ஒரே குளத்தை ஒரே கிழமையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், வருடம் முழுக்கப் பார்த்தால் அதில் ஓர் இலை கூடினாலும் கண்ணில் படும். அடுக்களையில் ஒரு டப்பா இடம் மாறினால் மாமியாருக்குத் தெரிகிறதே, அந்த மாதிரி. பௌர்ணமி முடிந்த வாரத்தில் பூ மாலையும் தேங்காய் ஓடும் கற்பூரக் கவரும் மிதக்கும். அது போய் அடுத்த வாரம் பாசி வரும். எது வரவேண்டியது, எது வரக்கூடாதது என்று எனக்கு அத்துப்படி. மலை சுற்றும் பாதையில் இருந்தவர்கள் என்னைக் கொசுக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனபோது புதிதாக ஒரு டாக்டர் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். எப்போது பார்த்தாலும் மருந்தையே ஊற்றிக்கொண்டிருந்தால் எப்படி என்று, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை வரவழைத்தார். ஆபீஸுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினோம். தொட்டி வாட்ச்மேன் பொறுப்பு. அவர் எங்கிருந்தோ ஒரு செடி கொண்டுவந்து தண்ணீர் மேல் மிதக்கவிட்டிருந்தார். சின்ன முட்டைக்கோஸ் விரிந்த மாதிரி, வெளிர்பச்சையாக, தொட்டால் பூனை முதுகு போல மெத்தென்று இருக்கும். தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். "வெயில்ல மீனு செத்துடும்மா, அதுக்கோசரம் நெழலுக்கு வுட்டுருக்கேன்" என்றார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன்.

மீன் பெருகியதும் அதைக் குளங்களில் விடும் வேலை எனக்கு வந்தது. சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் குடம் கட்டி, தண்ணீரும் மீனுமாகக் கொண்டுபோக வேண்டும். மலை சுற்றும் பாதையில் அப்போது இருந்த மேடு பள்ளத்துக்குக் குடத்தில் பாதித் தண்ணீர் கூடப் போய்ச் சேராது. ஆனால் தண்ணீர் சுமந்து வளர்ந்தவளுக்கு இது ஒரு பிரச்சினையா? வாய் திறந்த குடத்தில் ஒரு கொத்துத் தழையைப் போட்டுவிட்டால் தண்ணீர் தளும்பாது. கிணற்றிலிருந்து வீடு வரை ஒரு சொட்டுச் சிந்தாமல் வரலாம். எங்கள் பக்கம் எந்தப் பெண்ணுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும். என் கையும் தானாகச் செய்தது. வேப்பங்கொத்தைத் தேடிப் போவானேன், தொட்டியிலேயே செடி மிதக்கிறதே என்று குடத்துக்கு இரண்டு செடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். குளத்தில் குடத்தைக் கவிழ்க்கும்போது வேருக்குள் மீன்குஞ்சு சிக்கிக்கொள்ளும் என்று செடியையும் சேர்த்தே விட்டேன்.

இப்படிப் பதினோரு இடத்தில் மீன் விட்டேன். எந்த இடத்தில் எத்தனை குடம், என்றைக்கு என்று என் நோட்டில் எழுதிவைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

புரட்டாசி மாதம். அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம், பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு குளம் உண்டு. மழைக்காலத்தில் அது நிரம்பி வழிந்தால் தண்ணீர் கால்வாய் வழியாக ஒரு சின்ன ஏரிக்குப் போகும். ஏரிக்குக் கீழே நெல் வயல்கள். அன்றைக்கு ஏழாவது தடவை முக்கியபோது கிண்ணத்துக்குள் ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குப் பச்சையாக ஏதோ வந்தது. அதிலிருந்து வெள்ளையாக ஒரு நூல். நூலைப் பிடித்து இழுத்தேன். கோரைக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செடி தண்ணீரில் நழுவி வந்தது. தாயும் பிள்ளையும். தாய்க்கு இன்னும் மூன்று பக்கம் மூன்று நூல், மூன்று நுனியிலும் குட்டிகள். கோரையை விலக்கி எண்ணினேன். பத்தொன்பது. நான் அங்கே விட்டது நான்கு.

பார்க்க அழகாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கர் வைத்திருந்த ஓர் அம்மா எருமையைக் குளிப்பாட்ட அங்கே வருவார். அவரும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கோசு மாரி கீது? அப்டியே இருக்கட்டும், சாமிக்கு வெக்கலாம்" என்றார். அவருக்கு வேறு வருமானம் கிடையாது. ஏரி நிரம்பினால் ஒரு போகம் நெல், நிரம்பாவிட்டால் கூலி வேலை. நானும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த செவ்வாய் போனபோது ஐம்பதுக்கு மேல் எண்ணினேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீஸுக்கு வந்ததும் நேராக வாட்ச்மேனிடம் போனேன். "அண்ணா, இந்தச் செடி தொட்டியில எப்பப் பாத்தாலும் அதே அளவுதான கீது?"

"அட நீ ஒண்ணும்மா. வாரம் ஒரு கூடை வாரி எருக்குழியில கொட்றேன். இல்லைன்னா தொட்டியே தெரியாது" என்றார்.

எங்கிருந்து கொண்டுவந்தார் என்று கேட்டேன். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் அவர் மச்சான் ஊர் ஏரியாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அங்கே போனேன். கரைமேல் நின்றுகொண்டு ஏரி எங்கே என்று கேட்டேன். இதுதான் என்று எனக்கு எதிரே கையைக் காட்டினார்கள். கீரைப் பாத்தி போல ஒரே பச்சை. தண்ணீர் என்று ஒரு துளி கண்ணுக்குத் தெரியவில்லை. மதகு அடைத்துக்கொண்டு, கீழே வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஏரியில் தண்ணீர் இருந்தும் பாயவில்லை. மீன் செத்துவிட்டதாம். கரையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "மொதல்ல பத்து செடிதான் கெடந்துச்சு. அப்பவே யாரனா வாரிப் போட்டிருந்தா ஒரு ஆள் வேலை. இப்ப ஊரே எறங்கினாலும் ஆவாது" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஐப்பசி மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. மழை வந்தால் குளம் வழியும், வழிந்தால் செடி கால்வாயில் இறங்கும், இறங்கினால் ஏரி. ஒரு குளமா, பதினோரு இடம். யாரோ செய்த காரியமாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். செய்தது நான். கேள்வி கேட்கும் கொசுக்காரம்மாவை யார் கேட்பது?

யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேலை நேரம் போக, மூன்று நாள் தனியாகப் போய் மூன்று குட்டைகளில் இறங்கி வாரினேன். மற்றதெல்லாம் என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஒன்று ஆழமான கிணறு. இரண்டு மூன்று குளங்களில் செடி நடுத்தண்ணீருக்குப் போயிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. ஆளும் கயிறும் வேண்டும், அதற்கு ஆபீஸ் உத்தரவு வேண்டும்.

அதிகாரியிடம் போய்க் குளத்தில் செடி வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் படிவத்தைப் புரட்டினார். "புழு எவ்ளோ?"

"டிப்பர்ல ஒண்ணும் வரல சார்."

"பின்ன என்னங்க? செடி நம்ம வேலை இல்லையே. அதுக்குப் படிவத்துல கட்டமே கிடையாது" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் கட்டம் இல்லாதது அவர் கண்ணுக்குத் தெரியாது.

கோபத்தோடு மறுபடி குளத்துக்குப் போனேன். பத்து முக்கு முக்கினேன், கிண்ணம் சுத்தம். எருமைக்கார அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உன் கிண்ணத்துல ஒண்ணும் இல்லதான். என் காலப் பாரு" என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கொசு கடித்துக் கடித்து முழங்கால் வரை தடிப்பு. "ஒரு மாசமா சாயந்தரம் இங்க நிக்க முடியல. எம்மாம் கொசு!" என்றார்.

கொசு இருக்கிறது, புழு இல்லை என்றால் என் கண்தான் எங்கேயோ ஏமாறுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. கொசுப்புழு மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும் என்று எங்களுக்குப் பாடம். மேலே வராமல் மூச்சு வாங்க அதற்கு வேறு வழி கிடைத்துவிட்டால்? ஒரு செடியை அப்படியே தூக்கி, வாளித் தண்ணீரில் வேரை முக்கி, துணி அலசுகிற மாதிரி பலமாக உதறினேன். பிறகு கொஞ்சம் பொறுத்தேன். வாளிக்குள் புழுக்கள் நெளிந்தன. வேரிலேயே குத்திக்கொண்டு, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு இருந்திருக்கின்றன. நான் கரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அம்மா என்னைப் பயத்தோடு பார்த்தார்.

அந்த வாளியைச் செடியோடு கொண்டுபோய் அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். அவர் எழுந்து நின்று குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். யானைக்கால் பரப்புகிற கொசு வகை ஒன்று இப்படித்தான் வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறாராம். செடிக்கு ஆகாயத்தாமரை என்று பேரும் சொன்னார். புத்தகத்தில் இருந்தால் இருக்கட்டும். புத்தகம் படித்தவர் யாரும் வேரை உதறிப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இந்தப் பெருமையை நான் யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை.

"ஆள் அனுப்பி உடனே எடுத்துடலாம்" என்றவர், "எங்கேர்ந்து வந்திருக்கும்?" என்று கேட்டார். நான் வாளிக்குள் பார்த்தேன். அவரே பதிலையும் சொன்னார். "பௌர்ணமிக்கு வர்ற கூட்டத்துல யாராவது போட்டிருப்பாங்க. அப்படியே எழுதிக் குடுங்க. அந்தக் குளத்தை மட்டும் சுத்தம் பண்ணிடலாம்."

மடியில் வந்து விழுந்த வாய்ப்பு. தற்காலிகப் பணியாளர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று அந்த மாதம்தான் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. என் பேர் மூன்றாவது என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். லட்சம் பேர் நடக்கிற பாதையில் எவனோ ஒருவன் போட்டான் என்றால் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் அப்படி எழுதினால் ஒரு குளம்தான் சுத்தமாகும். இன்னும் ஏழு இடம் இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"பதினோரு எடத்துல பாக்கணும் சார்" என்றேன்.

"ஏன், அதென்ன கணக்கு?"

"அங்கெல்லாம் நான்தான் போட்டேன். மீன் குடம் தளும்பாம இருக்க." நோட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இதை எழுதிக் குடுத்தீங்கன்னா மேல அனுப்பித்தான் ஆகணும். உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தொட்டியில செடி விட்டது வாட்ச்மேன்தானே? அதையும் எழுதலாமே."

"அவரு தொட்டியில வுட்டாரு, வாராவாரம் வாரியும் போட்டாரு. குளத்துல போட்டது நான்தான்" என்றேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆகாயத்தாமரையை எப்படி எழுதுவது என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் நாலு ஆள் கொடுத்தார். லாரி டயரின் டியூப் ஒன்றில் காற்றடித்து, அதில் ஒருவரை உட்காரவைத்து, கயிறு கட்டி நடுக்குளத்துக்கு விட்டோம். வாரியதைக் கரையில் போடக்கூடாது, கூடையில் தூக்கிப்போய்ப் பாறைமேல் காயவைத்துக் கொளுத்த வேண்டும் என்பது என் சட்டம். நூல் அறுந்தால் குட்டி தனியாகப் பிழைத்துக்கொள்ளும், அதனால் தாயைத் தூக்கும்போது சுற்றிலும் கையால் துழாவ வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஒருவர் சலித்துக்கொண்டார். "இம்மாந்துண்டு செடிக்கா இம்மாம் ஆர்ப்பாட்டம்?"

"இம்மாந்துண்டா கீறதாலதான் நாலு பேரு. பெருசானா நானூறு பேரு வரணும், பரவால்லையா?" என்றேன். அவர் குனிந்து துழாவ ஆரம்பித்தார்.

மூன்று நாளில் மீதி எட்டு இடமும் முடிந்தது. ஆபீஸ் தொட்டியில் இருந்ததை வாட்ச்மேனே வாரிக் கொளுத்திவிட்டார். நாலு இடத்தில் நிறையக் கிடைத்தது. இரண்டில் ஒன்றுமே இல்லை, போட்டது தானாக அழுகியிருக்க வேண்டும். கிணற்றில் இரண்டே செடிதான், ஆனால் அதற்குத்தான் அரை நாள் ஆனது. எட்டாவது அந்த அடி அண்ணாமலைக் குளம். கடைசிக் கூடை போனதும் எருமைக்கார அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் புடுங்கிட்டுப் போறியே, ஒண்ணே ஒண்ணு வுட்டா இன்னா?" என்று என்னைத் திட்டினார். அந்த ஒன்றே ஒன்றுக்குத்தான் நான் பயந்தேன் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அவருடைய முக்கால் ஏக்கருக்காகவும் சேர்த்துத்தான் இந்தப் பாடு என்று சொன்னால் அன்றைக்குச் சிரித்த பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்.

வாரிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. படிவத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, கடைசியில் ஒரு கட்டம் சேர்த்து, தலைப்பில் "செடி" என்று எழுதினேன். அதிகாரி பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். வாராவாரம் பதினோரு இடத்திலும் கோரையை விலக்கி, படிக்கல் சந்தில் விரலைவிட்டு, கிண்ணத்தை முக்கிப் பார்த்தேன். இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டாவது வாரம் அந்தக் குளத்திலேயே கோரைத் தூருக்குள் ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஒளிந்துகொண்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப்போய் எடுத்தேன். அதை விட்டிருந்தால் தை மாதத்துக்குள் குளம் மூடியிருக்கும். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது.

குளம் வழிந்த அன்றைக்கு என் முறை பஸ் ஸ்டாண்டு பக்கம். லீவு சொல்லிவிட்டுக் கால்வாய்க்கு ஓடினேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்து வந்தது. சருகு வந்தது, ஒற்றைச் செருப்பு வந்தது, பூ மாலையின் நார் வந்தது. மத்தியானம் வரை குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு செடிகூட வரவில்லை. அந்த வருடம் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து போனது. தை மாதம் அந்த அம்மாவின் வயலில் நெல் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றதைப் பாதையிலிருந்தே பார்த்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு நன்றாகப் பார்த்தேன். என் வயல் மாதிரி இருந்தது எனக்கு.

மார்கழியிலேயே மெமோ வந்துவிட்டது. நான் எழுதிக்கொடுத்ததையே திருப்பி எழுதி, ஏன் என்மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். பதில் கொடுத்தேன். வேலை போகவில்லை, அதிகாரி எனக்காக இரண்டு தடவை மேலே போய்ப் பேசினார் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் பட்டியலிலிருந்து என் பேர் போய்விட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் நிரந்தரமானார்கள், லட்டு கொடுத்தார்கள், தின்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள், "அரிச்சந்திரன் வீட்ல சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். சிரிப்பதா, தட்டை விசிறி எறிவதா என்று தெரியாமல் சோறு போட்டேன்.

எனக்கு ஆத்திரம் இல்லை என்று சொன்னால் பொய். செய்த தப்பைச் சொன்னவளுக்கு மெமோ, சொல்லாமல் விட்டிருந்தால் நிரந்தரம் என்பது என்ன நியாயம் என்று வருடக்கணக்கில் மனதுக்குள் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துவிடுவேன். அந்தக் கட்டத்தை விடவில்லை. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார், அவருக்குப் பின் நாலு பேர் வந்து போனார்கள், படிவம் மூன்று தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் ஸ்கேலை எடுத்துக் கோடு இழுத்தேன். இடையில் இன்னும் இரண்டு தடவை செடி வந்தது. ஒரு தடவை யார் வீட்டு மீன் தொட்டியையோ குட்டையில் கொட்டியதால், இன்னொரு தடவை எப்படியென்றே தெரியவில்லை. இரண்டு தடவையும் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போதே என் கையில் சிக்கியது. ஒரு வாளிக்கு மேல் போகவிடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. அதற்குள் ஆபீஸ் இடம் மாறி, பழைய படிவங்களை எல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பருக்குப் போட்டிருந்தார்கள். நான் கோடு இழுத்த கட்டங்களும் அதோடு போயின. நானும் அன்றைக்கு லீவில் இருந்தேன், இருந்திருந்தால் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்திருப்பேன். பணிப்பதிவேடு தயார் செய்ய என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வந்த கிளார்க் தம்பி என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மேடம், இந்தப் பழைய மெமோ ஒண்ணு கீது. இதுக்குப் பக்க நம்பரே போடல. எடுத்துட்டன்னா யாருக்கும் தெரியாது. நாளைக்கு புரமோஷன்னு வந்தா இது உறுத்தும் பாருங்க."

என்னமோ என்மேல் அவருக்குப் பிரியம். தாளை வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் பழுத்திருந்தது. பதினோரு நீர்நிலைகளில் ஆகாயத்தாமரையைக் கவனக்குறைவாகப் பரப்பியவர் என்று என் பேர் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், மேற்படி செடிகள் முற்றிலும் அகற்றப்பட்டுவிட்டதாக அறியப்படுகிறது என்று இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த இரண்டாவது வரியை நான் ஒழுங்காகப் படித்ததே இல்லை. முதல் வரியிலேயே கண் கலங்கிவிடும். இப்போது நின்று நிதானமாக இரண்டு தடவை படித்தேன்.

"அங்கயே இருக்கட்டும் தம்பி" என்றேன்.

"ஏன் மேடம்? கெட்ட பேருதான?"

"ஆமா, என் பேரு கெட்டுத்தான் கீது. ஆனா அந்தச் செடி இங்க வந்துச்சு, ஒண்ணு பாக்கியில்லாம போச்சுனு எழுதின தாள் இந்த ஊர்ல வேற எங்கயும் இல்ல. பக்க நம்பர் போடு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, மூலையில் நம்பர் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.